25-0 சரி, ஆனா யாரை அடிச்சு? ஹெவிவெயிட் 'அடுத்த சாம்பியன்'களும் நம்ம சம்பளக் காசும்



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டு ஒப்பீடு கிடையாது, டேர்ம் இன்ஷூரன்ஸும் கிடையாது. பாக்ஸிங் பேசப் போறோம், அதுலயும் ஹெவிவெயிட். "பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல இது எதுக்கு?"ன்னு தோணும். ஒரு ஐபிஓவை எப்படி விக்கறாங்களோ, புது ஃபண்டை எப்படி விக்கறாங்களோ, அதே முறையில ரொம்ப காலமா மனுஷங்களை வித்துட்டு இருக்குற தொழில் இது. ஒரே ஒரு வித்தியாசம்தான். பங்குச் சந்தையில ஹைப் உடைய சில வருஷம் ஆகலாம். பாக்ஸிங்ல 58 செகண்டுல உடைஞ்சிடும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஹைப் கெட்ட விஷயம்னு நான் சொல்ல வரல. ஹைப் ஒரு சரக்கு. விக்கறவங்களுக்கு அதுல லாபம் உண்டு, கடைசியா வாங்கறவங்களுக்குத்தான் அடி. சம்பளம் வாங்க ஆரம்பிச்ச முதல் சில வருஷத்துல நம்மள்ல நிறைய பேர் அந்தக் கடைசி ஆளாத்தான் நிக்கறோம்.

அதே தேதி, அதே மேடை

1977, மே 11. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். டுவேன் பாபிக் ரிங்குக்குள்ள வர்றார். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்காவுக்காக ஆடினவர். ப்ரொஃபெஷனலா மாறின பிறகு 38 ஃபைட், 38 வெற்றி. அடுத்த உலக சாம்பியன்னு பத்திரிகைகள் எழுதிட்டு இருந்த நேரம். எதிர்ல கென் நார்டன், 1973-ல முகமது அலியோட தாடையை உடைச்சு ஜெயிச்ச அதே நார்டன்.

பாபிக் தாக்குப் பிடிச்சது 58 செகண்டு. 38 வெற்றியும் ஒரு நிமிஷத்துக்குள்ள அர்த்தமில்லாமப் போச்சு.

சரியா நாலு வருஷம் கழிச்சு, 1981 மே 11, அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன். அதே நார்டன், இப்போ வயசு 37. எதிர்ல ஜெர்ரி கூனி. ஆறடி ஆறங்குல உயரம், கையில பயங்கரமான ஒரு லெஃப்ட் ஹுக். இந்தத் தடவை 54 செகண்டுல விழுந்தது நார்டன்.

ஊரே கூனியைத் தூக்கி வச்சுக் கொண்டாடிச்சு. "பாபிக்கை 58 செகண்டுல சாய்ச்ச நார்டனையே இவர் 54 செகண்டுல சாய்ச்சுட்டாரே!" கணக்கு சரியாத்தான் தெரியுது. ஆனா நடுவுல நாலு வருஷம் ஓடிடுச்சு. பாபிக் சந்திச்ச நார்டனும் கூனி சந்திச்ச நார்டனும் பேரளவுல மட்டும்தான் ஒரே ஆள்.

ஒரு எண்ணைப் பார்க்கும்போது அது எந்த வருஷத்து எண், அந்த நேரத்துல எதிர்ல என்ன இருந்துச்சுன்னு கேட்கத் தவறிட்டா, நாமளும் இந்தக் கணக்கைத்தான் போடுவோம்.

6 ரவுண்டை வச்சு 15 ரவுண்டு கனவு

நார்டனுக்கு முன்னாடி கூனி ஜெயிச்ச ரெண்டு பெரிய பேர்: ஜிம்மி யங், ரான் லைல். ரெண்டு பேருமே ஒரு காலத்துல ஜாம்பவான்கள், 1980-ல ரெண்டு பேருமே இறங்குமுகம். யங் கூட 4 ரவுண்டு, லைல் முதல் ரவுண்டுலயே காலி, நார்டனும் முதல் ரவுண்டு. மூணையும் கூட்டினாலும் 6 ரவுண்டு முழுசா வராது. அதுக்கப்புறம் 13 மாசம் ஒரு ஃபைட்டும் இல்ல. நேரா உலக சாம்பியன் லேரி ஹோம்ஸோட, 15 ரவுண்டு ஃபைட்.

1982 ஜூன் 11, லாஸ் வேகாஸ். அன்னிக்கு கூனியோட ரெக்கார்டு 25-0. ஃபைட்டுக்கு முன்னாடி டைம் பத்திரிகை அட்டைப்படத்துல கூனி வந்தார், பக்கத்துல ராக்கி படப் புகழ் சில்வெஸ்டர் ஸ்டாலோன். ஒரு தடவைகூட தோக்காத சாம்பியன் ஹோம்ஸ் அந்த அட்டையில இல்ல. காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கூனி வெள்ளைக்காரர், ஹோம்ஸ் கறுப்பர். "வெள்ளையர்களோட பெரிய நம்பிக்கை"ங்கற அசிங்கமான கோஷத்தை வச்சு அந்த ஃபைட்டை வித்தாங்க. கூனி அதைக் கேட்டு வாங்கல, அவர் மேல ஒட்டி விட்டாங்க. ஆனா டிக்கெட் நல்லா வித்துச்சு.

கூனி ரெண்டாவது ரவுண்டுல விழுந்தார். எழுந்தார். அதுக்கப்புறமும் விடாம ஆடினார். இடுப்புக்குக் கீழ அடிச்சதுக்காக மூணு புள்ளி போச்சு. 13-வது ரவுண்டுல அவரோட ட்ரெய்னரே உள்ள வந்து ஃபைட்டை நிறுத்த வச்சார்.

13 ரவுண்டு ஹோம்ஸ் முன்னாடி நின்னது சாதாரண விஷயமே இல்ல. அவர்கிட்ட திறமை இருந்துச்சு. இல்லாதது பயிற்சிக்கான ஃபைட்டுகள். நடுத்தரமான ஆளுங்ககிட்ட 10 ரவுண்டு கஷ்டப்பட்டு ஜெயிக்கற அனுபவம் அவருக்குக் கிடைக்கவே இல்ல. ஏன்னா தோத்துட்டா ரெக்கார்டு போயிடும், ரெக்கார்டு போனா கோடிகள் போயிடும். அவரைப் பாதுகாத்துப் பாதுகாத்தே வளரவிடாமப் பண்ணிட்டாங்கங்கறது என் எண்ணம்.

ரெக்கார்டு எப்படித் தயாராகுது?

பாக்ஸிங்ல ப்ரமோட்டர், மேட்ச்மேக்கர்னு ரெண்டு பேர் இருப்பாங்க. ஒரு இளம் வீரரை வளர்க்கும்போது எதிராளியைத் தேர்ந்தெடுக்கறது இவங்கதான். தோக்கறதுக்குன்னே ஊர் ஊராப் போய்ச் சம்பளம் வாங்கற அனுபவசாலிகள் உண்டு, அவங்களை ஜர்னிமேன்னு சொல்லுவாங்க. முதல் பத்து ஃபைட்டுக்கு இப்படிப்பட்ட ஆளுங்க வர்றது தப்பே இல்ல, கத்துக்கணும்ல? முப்பதாவது ஃபைட்லயும் அதே தரத்துல ஆளு வந்தா, அது கத்துக்கறது இல்ல, பேக்கேஜிங்.

இதுக்கு உச்சகட்ட உதாரணம் பீட்டர் மெக்நீலி. 1995 ஆகஸ்ட் 19, மைக் டைசன் ஜெயில்ல இருந்து வந்த பிறகு ஆடின முதல் ஃபைட். மெக்நீலி ரெக்கார்டு 36-1. காகிதத்துல பார்த்தா பெரிய ஆளு. ஆனா அந்த 36 வெற்றியில பெரும்பாலானவை பேர் தெரியாத ஆளுங்க மேல. 89 செகண்டுல மெக்நீலியோட மேனேஜரே ரிங்குக்குள்ள ஓடி வந்துட்டார், ஃபைட் முடிஞ்சுது.

இன்னும் நுணுக்கமான கேஸ் மைக்கேல் கிராண்ட். ஆறடி ஏழங்குலம், 31-0. 1999 நவம்பர்ல ஆண்ட்ரூ கொலோட்டா அவரை முதல் ரவுண்டுலயே ரெண்டு தடவை கீழ சாய்ச்சார். கடைசில 10-வது ரவுண்டுல கொலோட்டாவே ஃபைட்டை விட்டுட்டார், ரெக்கார்டுல "வெற்றி"ன்னு பதிவாச்சு. அஞ்சு மாசம் கழிச்சு, 2000 ஏப்ரல் 29, லெனாக்ஸ் லூயிஸ் முன்னாடி நின்னார். முதல் ரவுண்டுல மூணு தடவை விழுந்தார், ரெண்டாவது ரவுண்டுல முடிஞ்சுது. எச்சரிக்கை முன்னாடியே வந்திருந்துச்சு. ஆனா அது 'வெற்றி'ங்கற பெட்டிக்குள்ள இருந்ததால யாரும் திறந்து பார்க்கல.

இப்போ நம்ம பக்கம் வருவோம். 2020 மார்ச்சில நிஃப்டி 7,600 பக்கம் இருந்துச்சு. 2021 அக்டோபர்ல 18,000-ஐத் தாண்டிடுச்சு. அந்த ஒன்றரை வருஷத்துல எந்த ஃபண்டை எடுத்தாலும், எந்த டிப்ஸ் கொடுக்கறவரை எடுத்தாலும், ரெக்கார்டு 25-0 மாதிரிதான் இருக்கும். எதிர்ல யாரும் திருப்பி அடிக்கல, அவ்வளவுதான். "கடந்த ஒரு வருஷ ரிட்டர்ன்"னு பெரிய எழுத்துல ஒரு எண்ணைப் பார்த்தா, உங்க முதல் கேள்வி "யாரை அடிச்சு?"ன்னு இருக்கட்டும்.

காசு யாருக்கு, எப்போ வந்துச்சு?

ஆட்லி ஹாரிசன் கதை இதுக்குப் பொருத்தம். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம். பிரிட்டன்ல பெரிய ஸ்டார். பிபிசி அவரோட முதல் 10 ஃபைட்டுக்கு 10 லட்சம் பவுண்டு கொடுத்துச்சு. கவனிங்க, ஒரு ப்ரொஃபெஷனல் ஃபைட்கூட ஆடுறதுக்கு முன்னாடியே போட்ட ஒப்பந்தம் அது. 19 ஃபைட் தொடர்ந்து ஜெயிச்சார். ரசிகர்கள் "நல்ல ஆளு எப்போ வருவார்?"னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாங்க. 2005 டிசம்பர்ல டேனி வில்லியம்ஸ்கிட்ட முதல் தோல்வி. 2010 நவம்பர்ல டேவிட் ஹேகூட உலகப் பட்டத்துக்காக மோதி மூணாவது ரவுண்டுல வெளிய வந்தார். அந்த ஃபைட்ல அவர் அடிச்ச அடிகளை விரல் விட்டு எண்ணிடலாம்னு இன்னிக்கும் கிண்டல் பண்றாங்க.

நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஹாரிசன் பக்கம் இருந்து பாருங்க. தனக்கு மவுசு இருந்த நேரத்துல, தானே ஒரு ப்ரமோஷன் கம்பெனி வச்சு, பேரம் பேசி, காசை வாங்கிட்டார். அது புத்திசாலித்தனம். ஏமாந்தது யாருன்னா, அவர் அடுத்த லெனாக்ஸ் லூயிஸ்னு நம்பி நேரத்தையும் காசையும் போட்டவங்க.

இதுக்கு அடுத்து வந்தவர் டேவிட் பிரைஸ், 2008 பெய்ஜிங் வெண்கலம். 2012 அக்டோபர்ல இதே ஹாரிசனை 82 செகண்டுல சாய்ச்சார். உடனே "இவர்தான் உண்மையான அடுத்த சாம்பியன்"னு ஆரம்பிச்சுட்டாங்க. நாலே மாசத்துல, 41 வயசு டோனி தாம்சன் பிரைஸை ரெண்டாவது ரவுண்டுல நாக் அவுட் பண்ணார். பழைய ஹைப் உடைஞ்ச துண்டை வச்சே புது ஹைப்பைக் கட்டினாங்க, அதுவும் உடைஞ்சுது.

பங்குச் சந்தையில இதே காட்சியைப் பார்த்திருக்கோம். 2008 ஜனவரியில ரிலையன்ஸ் பவர் ஐபிஓ. விலை 450 ரூபாய். 70 மடங்குக்கு மேல விண்ணப்பம் குவிஞ்சுது. பிப்ரவரி 11 லிஸ்டிங் அன்னிக்கே வெளியீட்டு விலைக்குக் கீழ முடிஞ்சுது. 2021 நவம்பர் 18-ல பேடிஎம். வெளியீட்டு விலை 2,150 ரூபாய். முதல் நாளே சுமார் 27 சதவீதம் இறக்கம். ரெண்டு இடத்துலயும் விக்கறவங்களுக்குக் காசு லிஸ்டிங்குக்கு முன்னாடியே வந்தாச்சு. ஃபைட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிக்கெட் காசு கல்லாவுல விழுந்த மாதிரி. 58 செகண்டுல முடிஞ்சாலும் ப்ரமோட்டர் டிக்கெட் காசைத் திருப்பித் தர மாட்டார்.

அதனால உங்க ரெண்டாவது கேள்வி: "இது சொதப்பினா, இதை எனக்கு வித்தவருக்கு என்ன நஷ்டம்?" ஒண்ணும் இல்லைன்னு பதில் வந்தா, முழு ரிஸ்க்கும் உங்க தோள்ல இருக்குன்னு அர்த்தம். ஃபண்டுலயும் அப்படித்தான். லாபமோ நஷ்டமோ, செலவு விகிதம் தினமும் கழிஞ்சுட்டேதான் இருக்கும்.

அட்டைப்படத்துல இல்லாத ஆளு

இப்போ லேரி ஹோம்ஸ் பக்கம் ஒரு நிமிஷம். பள்ளிப் படிப்பைப் பாதியில விட்டவர், கார் கழுவற வேலை பார்த்தவர். பல வருஷம் முகமது அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னர், அதாவது சாம்பியன் பயிற்சி எடுக்கும்போது எதிர்ல நின்னு அடி வாங்கற வேலை. கவர்ச்சியான நாக் அவுட் குத்து கிடையாது. அவரோட ஆயுதம் ஜாப். இடது கையால நேரா ஒரு குத்து, திரும்பத் திரும்ப, ரவுண்டுக்கு ரவுண்டு. பார்க்கறவங்களுக்குப் போரடிக்கும். வாங்கறவங்களுக்கு மூஞ்சி வீங்கும்.

1978-ல பட்டத்தை வாங்கினதே அந்த கென் நார்டன்கிட்ட இருந்துதான். அதுவும் 58 செகண்டுல இல்ல, முழு 15 ரவுண்டு ஆடி, ஒரே ஒரு ஜட்ஜோட தீர்ப்புல ஜெயிச்சார். அதுக்கப்புறம் 1985 வரைக்கும் சாம்பியன். 48-0 வரைக்கும் போனார். சம்பாதிச்ச காசைத் தன்னோட சொந்த ஊரான பென்சில்வேனியா ஈஸ்டன்லயே கட்டடம், தொழில்னு போட்டார். அந்த ஊர்ல ஒரு சாலைக்கே அவர் பேரு. இன்னொரு பக்கம், அவரைவிடப் பல மடங்கு சம்பாதிச்ச டைசன் 2003-ல திவால் மனு கொடுத்தார்.

மாசா மாசம் 5,000 ரூபாய் இண்டெக்ஸ் ஃபண்டுல போறது ஜாப் மாதிரி. யாரும் அதைப் பத்தி ரீல்ஸ் போட மாட்டாங்க, ஆஃபீஸ் கேண்டீன்ல பெருமையா பேசவும் முடியாது. பத்து வருஷம் கழிச்சு எண்ணிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

தோத்துட்டா அவ்வளவுதானா?

இங்கதான் நான் பாக்ஸிங் ரசிகர்கள்கிட்ட மாறுபடறேன். முதல் தோல்வி வந்ததும் "ஃப்ராடு, ஹைப் ஜாப்"னு தூக்கிப் போடறது, ஹைப்பை நம்பினதைவிடப் பெரிய தப்பு.

விளாதிமிர் க்ளிட்ச்கோ 24-0-ல இருந்தப்போ, 1998-ல கீவ்ல, சொந்த மக்கள் முன்னாடி ராஸ் ப்யூரிட்டிங்கற ஜர்னிமேன்கிட்ட தோத்தார். 2003-ல கோரி சாண்டர்ஸ், 2004-ல லேமன் ப்ரூஸ்டர். மூணுமே நாக் அவுட் மாதிரியான தோல்விகள். கதை முடிஞ்சுதுன்னாங்க. அவர் இமானுவேல் ஸ்டூவர்டுங்கற ட்ரெய்னரோட உக்கார்ந்து தன்னோட ஆட்டத்தையே மாத்தினார். 2006-ல இருந்து 2015 வரைக்கும் சாம்பியன்.

டேனியல் டுபுவா 2020-ல ஜோ ஜாய்ஸ்கிட்ட கண் எலும்பு உடைஞ்சு முட்டி போட்டப்போ "கோழை"ன்னு திட்டினாங்க. 2024 செப்டம்பர்ல வெம்ப்ளியில அந்தோணி ஜோஷுவாவை அஞ்சாவது ரவுண்டுல நாக் அவுட் பண்ணார்.

கூனியையே எடுத்துக்கோங்க. கடைசி ரெக்கார்டு 28-3. அந்த மூணு தோல்வி யார்கிட்ட? லேரி ஹோம்ஸ், மைக்கேல் ஸ்பிங்க்ஸ், ஜார்ஜ் ஃபோர்மன். மூணு பேருமே உலக சாம்பியன் ஆனவங்க. ஹோம்ஸ் ஃபைட்ல அவருக்குக் கிடைச்சது சுமார் ஒரு கோடி டாலர்னு அப்போ பேசினாங்க, சாம்பியனுக்கு நிகரான தொகை. பிற்பாடு குடியில இருந்தும் மீண்டு வந்தார். ஓய்வுபெற்ற பாக்ஸர்களுக்கு வேலையும் பயிற்சியும் ஏற்பாடு பண்ண ஒரு அமைப்பை 1998-ல ஆரம்பிச்சார். இவரைத் 'தோத்துப் போனவர்'னு சொல்றவங்க, தாங்களே வச்ச எதிர்பார்ப்பை வச்சு அவரை அளக்கறாங்க.

ஆக, ஒரு ஃபண்டு ஒரு வருஷம் பின்தங்கினா உடனே வித்துட்டு ஓடாதீங்க. எப்படித் தோத்துச்சுன்னு பாருங்க. சந்தை முழுக்க இறங்கினப்போ சேர்ந்து இறங்குச்சா, இல்ல எல்லாரும் ஏறும்போது இது மட்டும் தொடர்ந்து மூணு வருஷம் கீழ இருக்கா? முதல் வகைன்னா பொறுக்கலாம். ரெண்டாவது வகைன்னா மாத்தணும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

1. அடி வாங்கின வரலாறு இருக்கான்னு பாருங்க. 2008, 2020 மாதிரி ஒரு சரிவையாவது பார்த்த ஃபண்டா? புது என்எஃப்ஓவுக்கு ரெக்கார்டே கிடையாது, அது 0-0. ஆறு மாசம், ஒரு வருஷம் வேடிக்கை பாருங்க, ஒண்ணும் குடி முழுகிடாது.

2. 'வெற்றி' பெட்டியைத் திறந்து பாருங்க. ரிட்டர்ன் நல்லா இருக்கலாம். அது ஒண்ணு ரெண்டு பங்குகளால வந்துச்சா, ஒரே ஒரு நல்ல வருஷத்தால வந்துச்சா? கிராண்ட் முதல் ரவுண்டுல ரெண்டு தடவை விழுந்த மாதிரி ஏதாவது உள்ள ஒளிஞ்சிருக்கும்.

3. அளவை முன்னாடியே முடிவு பண்ணுங்க. "அடுத்த மல்டிபேக்கர்" மேல ஆசை வர்றது மனுஷ இயல்பு. மொத்த முதலீட்டுல 5 சதவீதத்துக்கு மேல அதுக்குப் போகக் கூடாதுன்னு நான் சொல்லுவேன். அது பூஜ்யம் ஆனாலும் அடுத்த மாசம் வாடகையும் இஎம்ஐயும் கட்ட முடியணும். கடன் வாங்கிப் போடறது, அவசர நிதியை உடைச்சுப் போடறது ரெண்டுக்கும் பெரிய நோ.

நீங்களே அந்த 'ப்ராஸ்பெக்ட்'னா?

இதை ஏன் கடைசில வச்சேன்னா, நம்ம ஆளுங்களுக்கு இதுதான் முக்கியம். 23, 24 வயசுல நல்ல பேக்கேஜ்ல வேலை கிடைச்சதும் வீட்டுல, சொந்தத்துல, ஏன் ஆஃபீஸ்லயும் உங்க மேல ஒரு விலை ஒட்டிடறாங்க. "நம்ம பையன் முப்பதுக்குள்ள வீடு வாங்கிடுவான்", "இந்தப் பொண்ணு சீக்கிரம் ஆன்சைட் போயிடும்". அந்த எதிர்பார்ப்புக்கு ஏத்த மாதிரி கார் லோன், வீட்டு லோன்னு ஏத்திக்கிட்டு, ஒரு லேஆஃப் வரும்போது முதல் ரவுண்டுலயே விழறவங்க இருக்காங்க. அவங்க திறமை குறைஞ்சவங்க இல்ல. அடுத்தவங்க போட்ட ஹைப்புக்கு இவங்க இஎம்ஐ கட்டறாங்க.

உங்க மேல ஹைப் இருக்கும்போது அதைக் காசாக்குங்க. நல்ல ஆஃபர் கையில இருக்கறப்பவே சம்பளத்தைப் பேசுங்க. "பின்னால பெரிய பங்கு தர்றோம்"னு ஒரு ஸ்டார்ட்அப் சொன்னா, அந்தக் காகிதத்தை விடக் கையில வர்ற மாசச் சம்பளத்துக்கு அதிக மதிப்பு கொடுங்க. அந்தக் காசை வச்சு முதல்ல ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி, கம்பெனி தர்றதுக்கு மேல தனியா ஒரு மெடிக்ளெய்ம். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

இன்னொண்ணு. கஷ்டமான ஃபைட்டைத் தள்ளிப் போடாதீங்க. எப்பவும் ஈஸியான ப்ராஜெக்ட்லயே இருந்து அஞ்சு வருஷம் நல்ல ரேட்டிங் வாங்கறது 38-0 மாதிரி. வெளிய வந்து ஒரு இன்டர்வ்யூல உக்காரும்போதுதான் நார்டன் யாருன்னு தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளிய ஒரு இன்டர்வ்யூ கொடுத்துப் பாருங்க, வேலை மாறற எண்ணமே இல்லைன்னாலும். தோத்தா ஒரு சாயங்காலம் மூட் அவுட், அவ்வளவுதான். எதுல வீக்னு தெரிஞ்சுடும்.

ஹைப் உங்க மேல இருந்தா காசாக்குங்க, அடுத்தவங்க மேல இருந்தா அஞ்சு சதவீதத்தோட நிறுத்துங்க. இதுல உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, குறிப்பா அந்த 5 சதவீதம் ரொம்பக் கம்மின்னு நினைக்கறவங்க காரணத்தோட எழுதுங்க. இது பொதுவான கருத்துதான், தனிப்பட்ட முதலீட்டு ஆலோசனை கிடையாது. உங்க நிலைமைக்கு ஏத்த முடிவுக்கு செபியில பதிவு பண்ண ஆலோசகரைப் பாருங்க.

அடுத்த வாரம் சேனல்ல சந்திப்போம்.